அடி தெரிகிற தண்ணீர்

தம்பி,

தண்ணீர் தெளிந்துவிட்டது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நீ கனடாவுக்குப் புறப்பட்ட அன்று, ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு பெட்டியையும் வாசலில் வைத்துவிட்டு டாக்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் வைத்திருக்கிறேன். "அம்மா, மே மாதம் முதல் சனி மோகன் வருவான், நீச்சல் குளத்தை மண் போட்டு மூட. அதுக்குள்ளை அடியிலை கிடக்கிற வடிகால் மூடி மேலை நிண்டு பாக்கத் தெரியுற அளவுக்கு உங்களாலை தண்ணியைத் தெளியவைக்க ஏலுமெண்டா, நான் மூடமாட்டன்." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். உன் மனைவியும் சிரித்தாள். ஆறு மாத வேலைக்குப் போகிற பிள்ளையை வாசலில் வைத்து ஏசக்கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உன் சிரிப்பை மன்னித்துவிட்டேன். அவளுடையதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

தொலைபேசியில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், தொலைபேசியில் நீ "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்று என்னை மடித்து வைத்துவிடுவாய். கடிதத்தை இடையில் மறிக்க ஏலாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள். இன்னொன்று, இது உனக்கு மட்டும் எழுதுவதல்ல. படித்து முடித்ததும் நம் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடு. பிளேஸ்டோவில் இருக்கும் உன் மாமியாரும் படிக்க வேண்டும். அவர் படிக்க வேண்டிய இடம் நடுவில் வருகிறது.

லண்டனில் இந்தக் கிங்ஸ்பரி வீட்டை நீ வாங்கியபோது பின்வளவில் நீச்சல் குளம் இருப்பதைப் பார்த்து நம் சனம் எல்லாம் வாயில் கை வைத்தது. முன்பு இருந்த வெள்ளைக்கார அம்மா புருசனுக்காகக் கட்டுவித்தது அது. வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று உன் மாமியார் அந்தக் கரையில் நின்று, என் கையால் சுட்ட நான்காவது வடையைத் தின்றுகொண்டு, "மீன் வளக்கப் போறியளோ?" என்று கேட்டார். அன்று அவர் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை. ஓரம் தண்ணீரில் பட்டுக்கொண்டிருந்தது. நான் கண்டேன். சொல்லவில்லை.

அடுத்த வசந்தத்தில் நடந்ததுதான் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த குளத்தைத் திறந்தால் தண்ணீர் கறுப்பு. நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா பெரிய மோட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து, கிணறு இறைக்கிற மாதிரி அடி காணும்வரை இறைத்துவிட்டார். அந்தக் குளிர்காலம் மார்கழியில் தொடங்கிய மழை பங்குனிவரை விடவில்லை. லண்டன் களிமண் குடித்த தண்ணீர் எல்லாம் குளத்துக்குக் கீழே நின்றது. மேலே பாரம் இல்லை என்றதும் அது கீழிருந்து தள்ளியது. அடியில் விரித்திருந்த நீலப் பிளாஸ்டிக் தாள் நிறைமாதக்காரியின் வயிறு மாதிரி எழும்பி, ஒரு மூலையில் கிழிந்தும் போனது. நீ வேலையால் வந்து அதைப் பார்த்தாய். அப்பா ஈரக் காற்சட்டையோடு கரையில் நின்றார். நீ போட்டிருந்தது சாம்பல் நிறச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. "அப்பா, உங்களுக்கு மண்டைக்குள்ளை ஒண்டுமில்லையே?" என்று கத்தினாய். இரண்டு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அப்பா, "ஓம் தம்பி, பிழை விட்டிட்டன்" என்றார். அவ்வளவுதான். புதுத் தாள் விரித்தார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு சட்டம் போட்டாய்: குளத்து மோட்டர் அறைக்குள் அவர் கை வைக்கக்கூடாது.

அவர் கை வைக்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் பதினெட்டு வருடம் நின்று நின்று தேய்ந்த முழங்கால் அவருக்கு. தரையில் நாலடி வைத்தால் முகம் சுருங்கும். அந்தத் தண்ணீருக்குள் இறங்கினால் மட்டும் அவர் நொண்டவில்லை. வைகாசியில் இருந்து புரட்டாதிவரை காலையில் ஒரு மணித்தியாலம் நீந்துவார். நான் அவர் தலை துடைக்கத் துவாயோடு கதிரையில் இருப்பேன். ஒருநாள் மோட்டர் நின்று போனது. வெறும் ஆளியை, அந்தச் சுவிச்சை, போட்டால் போதும். அதற்குக்கூட உனக்கு வேலையிடத்துக்கு அழைத்து, "தம்பி, ஒருக்கா ஆளியைப் போடட்டோ?" என்று கேட்டார். எழுபது வயது மனுசன். இதையும் நான் மறக்கவில்லை.

அவர் போனபிறகு இரண்டு குளிர்காலமாகக் குளம் மூடியபடியே கிடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில், பாயாசம் பரிமாறும்போது, உன் மாமியார் பக்கத்து இலைக்காரரிடம், "பாவம், நல்ல மனிசன். ஆனா கடலை இறைக்கச் சொன்னாலும் இறைச்சிருப்பார்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நீயும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். என் கையில் பாயாச வாளி இருந்தது. நான் அவருக்கு மட்டும் முந்திரிகை வராமல் கோலி ஊற்றினேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான். அது போதாது என்று இப்போது சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போனதும் நான் ஏப்ரல் முதல் வாரம் வரை பொறுத்தேன். வசந்தத்தில் குளம் திறந்து துப்புரவாக்க வருகிற பழைய குளத்துக்காரர் இப்போது வருவதில்லை, ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் அவர் வந்த ஒவ்வொரு வருடமும் நான் குசினி யன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை வாங்கும்போதுகூட என் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்காவிட்டால் என்ன, என் கண்ணை அவர் மறைக்கவில்லையே. முதலில் எதைத் தொட்டார், எந்தக் கையால் எதைத் திருப்பினார், எத்தனை நிமிடம் நின்றார், எல்லாம் என்னிடம் இருந்தது. இங்கிலீசு படிக்கத் தெரியாதது மட்டும்தான் குறை. அதற்குத்தான் வசந்தி வந்தாள்.

வசந்தியை உனக்குத் தெரியும், வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் திருச்சிப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு மணித்தியாலம் எனக்காக ஒதுக்கினாள். நான் கதைப்பது அவளுக்குப் பாதி விளங்காது, அவள் கதைப்பது எனக்கு முழுக்க விளங்கும். அந்தக் கணக்கில் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

மூடியிருந்த விரிப்பின்மேல் மழைத்தண்ணீர் ஒரு முழம் நின்றது. அதில் இலை, அதன் கீழே வால் முளைத்த தவளைக் குஞ்சுகள். அவற்றைச் சாம்பார் வாளியில் அள்ளி, வசந்தி வீட்டுத் தாமரைத் தொட்டியில் விட்டோம். அவற்றை உயிரோடு எடுக்காமல் நான் வேலை தொடங்கியிருந்தால் ஒன்றும் சரிவந்திராது. பிறகு விரிப்பின்மேல் நின்ற தண்ணீரைச் சின்ன மோட்டரால் வெளியே விட்டு, நானும் அவளும் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, கூறைச் சேலை மடிப்பதுபோல் நடந்து நடந்து மடித்தோம். கீழே பார்த்தால் கீரைக்கடையல். கையை விட்டால் முழங்கைக்குக் கீழே கை இல்லை. வசந்தி என்னைப் பார்த்தாள். "இன்னும் நாலு வாரம் கிடக்கு" என்று நான் உள்ளே போய் உலை வைத்தேன்.

குளிருக்குக் குழாய்களில் அடைத்திருந்த தக்கைகளைக் கழற்றினோம். குளத்துச் சுவரில் மிதக்கிற இலை பிடிக்கிற வாயின் பாதிவரை தண்ணீர் விட்டோம். மோட்டரைப் போட்டால் அது முனகியது, தண்ணீரை இழுக்கவில்லை. இரண்டு நாள் முனகல். வசந்தி ஆளைக் கூப்பிடலாம் என்றாள். நான் கதிரையைப் போட்டு மோட்டருக்கு முன்னால் இருந்து கண்ணை மூடி யோசித்தேன். குளத்துக்காரர் ஒவ்வொரு முறையும் கண்ணாடி மூடியைத் திறப்பார், உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்புவார், மூடியின் றப்பர் வளையத்துக்கு விரலால் ஏதோ பூசுவார். அந்தப் பூச்சின் குழாய் வெள்ளை, மூடி நீலம். அது எங்கே என்றும் எனக்குத் தெரியும். அப்பா தன் பிஸ்கற் பேணிக்குள், உன் பழைய பள்ளிக்கூடப் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். தொடக்கூடாது என்று நீ சொன்ன மோட்டருக்கான பூச்சை ஏன் எடுத்து வைத்தார் என்று நான் யோசிக்காமல் இருக்க முயன்றேன். பூசினோம், நிரப்பினோம், ஆளியைப் போட்டோம். கண்ணாடிக்குள் தண்ணீர் பாய்ந்து வந்தபோது வசந்தி கை தட்டினாள். எனக்கு வயது எழுபத்து மூன்று, நானும் தட்டினேன்.

வடிகட்டியின் பிடியை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நான் அங்கே ஒட்டுப் பொட்டு ஒட்டினேன். சிவப்புப் பொட்டில் நின்றால் தண்ணீர் வடிகட்டிக்குள் ஓடித் திரும்பும். கறுப்பில் வடிகட்டி தன்னையே கழுவும். பச்சையில் வெளியே போகும். நீ வந்து அந்தப் பொட்டுகளைப் பிய்க்காதே. மருந்துகளை வசந்திதான் அளந்தாள். சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்துத் துளி விட்டு நிறம் பார்ப்பாள், ஆஸ்பத்திரியில் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு. "எடுத்ததும் குளோரின் கொட்டக் கூடாதும்மா, முதல்ல தண்ணியோட குணத்தைச் சரி பண்ணணும்" என்பாள். ஒன்றோடு ஒன்று கலக்காமல், வேறு வேறு நாளில், கையுறை போட்டுக்கொண்டு போட்டோம். பாசிப் பச்சை செத்தது. ஆனால் செத்த பச்சை அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாகி நின்றது. மோட்டரை நிறுத்தாமல் ஓடவிட்டோம். நான் காலையும் மாலையும் நீளத் தும்புத்தடியால் சுவரைத் தேய்த்தேன். கறுப்புப் பொட்டு, சிவப்புப் பொட்டு, கறுப்புப் பொட்டு. ஒரு வாரம் போனது, வெள்ளை போகவில்லை. ஆர்ச்வே கோயில் முருகனிடமும் ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கேட்டுக்கொண்டார், வேகம் காட்டவில்லை.

மோகன் வர நாலு நாள் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை வசந்தி கரையில் குந்தியிருந்து சொன்னாள்: "அம்மா, சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. பேசாம பெரிய மோட்டார் ஒண்ணு வாடகைக்கு எடுத்து, மொத்தத்தையும் இறைச்சுட்டுப் புதுத் தண்ணி விட்டுடலாம்."

எனக்கு உடம்பு முழுக்க ஆசை வந்தது, தம்பி. உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நாளில் முடிந்துவிடும். அடி தெரியும். நீ சொன்ன நிபந்தனையில் பழைய தண்ணீர், புதுத் தண்ணீர் என்ற பேச்சே இல்லை. ஆனால் என் வாயில் வேறொன்று வந்தது.

"எடுத்தனாங்கள் பிள்ளை, ஒருக்கா."

"உங்க வீட்டுக்காரர்தானே?"

"நான்தான் எடுப்பிச்சனான். அவர் வேண்டாமெண்டவர்."

பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சொல் என் வாயால் வெளியே வந்தது அன்றுதான், அதுவும் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம். இப்போது உனக்குச் சொல்கிறேன், உன் மாமியார் படிக்க வேண்டிய இடமும் இதுதான். குளத்துக்காரர் அந்த வசந்தத்தில் குளத்தைத் திறந்துவிட்டுப் போகும்போது, எக்காரணம் கொண்டும் முழுக்க இறைக்காதே என்று அப்பாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பா என்னிடம் வந்து, "இஞ்சேரும், அந்த மனிசன் இறைக்க வேண்டாமெண்டல்லோ சொன்னவர்" என்றார். நான்தான் விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை கிணற்றைச் சேறு காணும்வரை இறைத்துக் கழுவாத வீட்டில் நாங்கள் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பழந்தண்ணீருக்கு மேல் புதுத் தண்ணீர் விடுகிறது ஊத்தைச் சட்டைக்கு மேல் புதுச் சட்டை போடுகிற வேலை என்றேன். கிணறு ஊறும், குளம் மிதக்கும் என்று எனக்கு யார் சொன்னது? சொன்னவரையும் நான் கேட்கவில்லை. "நீங்கள் போய் மோட்டரை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று வாசல்வரை தள்ளிவிட்டவள் நான்.

நீ அவர்மீது கத்தியபோது நான் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் யன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு அரிசியை நான்காம் தரம் கழுவினேன். கதவைத் திறந்து வெளியே வர எட்டு அடிகூட இல்லை. புதிதாக வந்த மருமகளுக்கு முன்னால் என்னையும் நீ அப்படிக் கத்திவிடுவாயோ என்று பயந்தேன். அவர் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை. சண்டையில்கூட எடுக்கவில்லை. எத்தனையோ பேர் எனக்குச் செய்ததை எல்லாம் நாள், கிழமையோடு வைத்திருக்கிற நான், நான் செய்த இதை மட்டும் மறந்தவள்போல் நடந்தேன். மறக்கவில்லை. தம்பி, உன் பழியை இன்னொருவர் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டால், சோறு கரிந்தாலும் பரவாயில்லை, அந்த நிமிடமே கதவைத் திறந்துகொண்டு போ. பிறகு போகலாம் என்று நின்றால் அந்தக் கதவு வருடத்துக்கு வருடம் பாரமாகும். அதோடு, கத்துவதற்கு முன்னால் யார் செய்தது என்று ஒரு கேள்வி கேள். அன்று நீ கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், "நான்தான்" என்றிருப்பார். என்றாலும் கேட்டிருக்கலாம்.

வசந்தி கையைத் தண்ணீருக்குள் விட்டு அந்த வெள்ளையை அளைந்து பார்த்தாள். பிறகு, "அப்ப இறைக்க வேணாம். வேற வழி பாப்போம்" என்று எழுந்தாள். படிகாரம் என்று நான் சொன்னேன். கலங்கிய குடத்துத் தண்ணீரில் படிகாரம் உரைத்தால் கலங்கல் அடியில் குந்திவிடும், அது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் குளத்துச் சாமான் விற்கிற கடைக்குப் போய் ஒரு டப்பா கொண்டுவந்து, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இது உங்க படிகாரத்தோட சொந்தக்காரங்கதான் அம்மா."

புதன்கிழமை கலந்து, மோட்டரை நிறுத்தினோம். ஒரு முழு நாள் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. நான் கரையில் குடையோடு இருந்து புறாவையும் நரியையும் கலைத்தேன். வியாழன் காலையில் பார்த்தால் வெள்ளை எல்லாம் அடியில் பஞ்சு மாதிரி படிந்து கிடந்தது. பிடியைப் பச்சைப் பொட்டுக்குத் திருப்பி, உறிஞ்சு குழாயை வைத்து, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் கூட்டுவதுபோல் வசந்தி மெல்ல மெல்ல இழுத்தாள். ஒரு இடத்தில் குழாய் முட்டி வண்டல் கொஞ்சம் கிளம்பியது. நிறுத்தி, படிய விட்டு, மறுபடியும் தொடங்கினோம். குறைந்த தண்ணீரை வெள்ளிக்கிழமை குழாயால் நிரப்பினோம். அடி முழுக்க நீலம். வடிகால் மூடி நடுவில் கிடந்தது, கழுவிய தட்டம் மாதிரி.

சனிக்கிழமை பத்து மணிக்கு மோகன் வந்தான். பிரான்சில் இருந்து இங்கே வந்து கட்டட வேலை செய்கிற அந்தப் பெடியன்தான். வாசலில் லொறி நிறைய மண்ணும் இடிகல்லும். பின்வளவுக்கு வந்தவன் கரையில் அப்படியே நின்றான். நீ மூடச் சொன்னதாகச் சொன்னான். தெளிந்தால் விடச் சொன்னதும் உண்டோ இல்லையோ என்று கேட்டேன். உண்டென்றான்.

"அப்ப குனிஞ்சு பாரும் தம்பி. என்ன தெரியுது?"

"மூடி தெரியுது, அன்ரி."

"அதிலை எத்தினை ஓட்டை?"

"அதெல்லாம் எண்ணுறதோ?"

"எண்ணும். பிறகு தெரியேல்லை எண்டு கதை வரக்கூடாது."

முழங்காலில் நின்று விரல் நீட்டி எண்ணினான். இரண்டு தரம் எண்ணினான். பிறகு தானாகவே உனக்கு அழைத்தான். அங்கே விடியற்காலை என்று தயங்கினான், நான்தான் எழுப்பச் சொன்னேன். "அண்ணை, இதை மூட என்ரை கை வராது. நான் லொறியைத் திருப்புறன்" என்று அவன் சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். நீ ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் அவன் வைத்துவிட்டது என்னாலல்ல. நல்ல பிள்ளை. வடை கட்டிக் கொடுத்தேன்.

ஆடியில் நீங்கள் திரும்பி வருகிறீர்கள். அடுத்து அப்பாவின் திவசம். அன்றைக்கு எல்லோரும் இருந்து சாப்பிடும்போது, இறைத்தது யார் என்று நானே சொல்வேன். நீ அவர் படத்துக்கு முன்னால் நின்று, அந்தச் சாம்பல் சட்டை நாளுக்காக ஒரு சொல் சொல்ல வேண்டும். உன் மாமியாருக்கு அன்று முந்திரிகையோடு பாயாசம் ஊற்றுவேன், அவர் கதையைத் திருத்திச் சொன்னால்.

மோகன் போனபிறகு நான் வீட்டில் போடுகிற சோட்டியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். இத்தனை வருடம் துவாயோடு கரையில் இருந்தவள், ஒருநாளும் கால் நனைத்ததில்லை. வசந்தி முன்னால் இறங்கி ஒரு கையைத் தந்தாள். முதல் படியில் உயிர் போகிற குளிர். இரண்டாம் படியில் கத்தினேன். மூன்றாம் படியில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. குனிந்து பார்த்தேன், கால்விரல் பத்தும் தெரிந்தன. அந்த நேரம் கதிரையில் கிடந்த தொலைபேசி அடித்தது. நீதான். வசந்தி எட்டி எடுத்து, என்ன சொல்ல என்று கேட்டாள்.

"சொல்லு பிள்ளை, அம்மா தண்ணிக்குள்ளை நிக்கிறா, பிறகு கதைப்பா எண்டு."